கோல்கொண்ட்: முற்றம் இல்லாத ஒரு புதுச்சேரி வீடு

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பற்றி எழுதுவோர் பலரும் ‘இந்தியாவின் முதல் நவீனக் கட்டடம்’ என்று பட்டம் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1937இல் தொடங்கிய அதன் கட்டுமானம், கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே சண்டிகர்ப் பணிக்காக இந்தியா வந்த 1951ஐவிட வெகு முந்தையது என்பது உண்மைதான். ஆனால் முந்தியது எது என்ற கணக்கோடு நின்றால், கட்டடம் ஊரிலிருந்து அறுந்துவிடும். வெக்கையைச் சமாளிக்கும் வகையில் கோல்கொண்ட் தமிழ் வீட்டுக்குப் பங்காளி. தெருவைப் பார்க்கும் பார்வையில் அதற்கு நேர் எதிர். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆசிரமவாசிகள் தங்குவதற்காக, ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை இதைக் கட்டுவித்தார். வடிவமைத்த அந்தோனின் ரேமண்ட் போஹீமியாவில் பிறந்தவர். ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் பணிக்காக டோக்கியோ சென்று அங்கேயே தொழில் நடத்தியவர். ஐதராபாத் அரசில் உயர்பொறுப்பிலிருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசின் நன்கொடை கிடைத்தது. ஐதராபாத்தின் கோல்கொண்டாவை நினைவூட்டும் பெயரும் அந்தத் தொடர்பில் வந்ததே. ரேமண்டின் உதவியாளர்களான ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்சுவா சாமரும் இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார்கள். போர்க்காலம் குறுக்கிட்டதால் பணி 1940களுக்குள் நீண்டது.

முதலில் வெக்கையைப் பார்ப்போம். புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் பழைய வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று வரிசை போகும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். தாழ்வாரம் வெயிலைச் சுவரில் விழவிடாது. கோல்கொண்டில் முற்றம் கிடையாது. கட்டடமே ஓர் அறை அகலம்தான்: தெற்கே அறைகள், வடக்கே நீண்ட நடை. வெளிப்பக்கம் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதில், கையால் திருப்பக்கூடிய கிடைமட்ட லூவர் பலகைகள். அறைக்கும் நடைக்கும் நடுவே சட்டங்கள் வைத்த தேக்கு நகர்கதவு. கதவை மூடினாலும் காற்று நிற்பதில்லை; ஆள் மறைவும் கெடுவதில்லை. தட்டையான தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு வளைந்த காங்கிரீட் ஓடுகள் குடைபோல வெயிலை ஏந்திக்கொள்கின்றன.

இதை இயந்திர யுகத்தின் கட்டடம் என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஆசிரமவாசிகள். அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கதவுகளுக்கும் லூவர்களுக்கும் வேண்டிய பொருத்துகளை வார்த்தார்கள். (அச்சில் வார்த்த ஒரு கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தவர்கள் ‘நவீனம்’ என்ற சொல்லை இவ்வளவு சுளுவாக எறியமாட்டார்கள்.)

வேறுபாடு திண்ணையில் இருக்கிறது. தமிழ் வீடு தெருவில் போகிறவருக்கு உட்கார இடம் கொடுக்கும். கோல்கொண்ட் தெருவுக்கு மதிலைக் காட்டி, தோட்டத்தை நோக்கித் திறக்கிறது. சாதகர்கள் தனித்தனியே, அமைதியாகத் தங்கும் இடத்துக்கு அது பொருந்தும். அதைக் குறையென்று சொல்லமாட்டேன். ஆனால் குடும்பங்கள் வாழும் தெருவுக்கு அது மாதிரியாகாது.

கோல்கொண்டின் குறுக்குவெட்டோ, அதாவது காற்று ஊடே செல்லும் ஓர் அறை அகல அமைப்போ, மாதிரியாகும். மூலக்குளம் போன்ற புறநகர்களில் இன்று எழும் அடுக்குமாடிகளில் அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டிநிற்கின்றன. ஒருபக்க ஜன்னலுக்கு ஏசி துணை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற வைசியாள் வீதியைப் பாராட்டுகிற நாம், முகப்புகளைக் காப்பதோடு நின்றுவிட்டோம். புதுச்சேரியின் கட்டடக்கலை மாணவர்கள் அவ்வீதியின் ஒரு வீட்டையும் கோல்கொண்டையும் ஒரே அளவுகோலில் வரைந்து, புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்குவோர் முன் வைக்க வேண்டும்.