சமூகவியல்

‘சோசியாலஜி’ இரு மொழிகளின் ஒட்டு. முன்பாதி லத்தீன் ‘சோசியஸ்’: தோழன், கூட்டாளி. பின்பாதி கிரேக்க ‘லோகோஸ்’. பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் கோம்த் முதலில் ‘சமூக இயற்பியல்’ என்றுதான் சொல்லிவந்தார். பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்தலே 1835-இல் தம் நூலின் துணைத்தலைப்பில் அதே பெயரை வைத்துக்கொள்ள, கோம்த்துக்குப் பொறுக்கவில்லை. 1839-இல் புதுச்சொல்லை அச்சேற்றினார். கோபத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது!

ஒட்டுச்சொல் என்று அதைப் பழித்தவர்கள் உண்டு. நம் சொல் மட்டும் என்னவாம்? ‘சமூகம்’ வடமொழி ‘சமூஹ’. கூட்டம், திரள் என்று பொருள். ‘இயல்’ தமிழ், தொல்காப்பியத்தின் பெயரியல், வினையியலில் வருவதே. ஆனால் லத்தீன் வேரிலுள்ள தோழமை இதில் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களும் கூட்டம்தான். அவர்களுக்குள் வரிசை என்றொரு ஏற்பாடு வந்த பிறகே சமூகவியலுக்கு அங்கே வேலை.