இழுப்பதல்ல, இறங்குவதே சோதனை: சிறு ட்ரக்டரை மின்சாரத்துக்கு மாற்றுதல்

2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசலின் விலை 460 ரூபாவானது. காசு இருந்தவர்களுக்கும் டீசல் கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற அந்த நாட்களுக்குப் பிறகு, பசறைப் பக்கத்தில் லேண்ட் மாஸ்டரும் சிறு ட்ரக்டரும் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைப் பற்றரியில் ஓட்ட முடியாதா?"

முடியும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை சமதரைக்கு எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எங்கள் மலைக்குக் கொண்டுவந்தால் ஆபத்து.

போட்டிக் களம் சொல்லித் தந்தது

மின்சாரச் சிறு ட்ரக்டர் புதிய விடயம் அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969இல் 'எலெக்-ட்ராக்' என்ற தோட்ட ட்ரக்டரைச் சந்தைக்கு விட்டது. ஆறு 6 வோல்ட் ஈய அமில பற்றரிகள், மொத்தம் 36 வோல்ட். 1970களின் நடுப்பகுதியில் உற்பத்தி நின்றுபோனது. அங்கே ட்ரக்டர் இழுவைப் போட்டி பெரிய விளையாட்டு. அதற்கான தேசிய சங்கமும் 1969இல்தான் உருவானது. ட்ரக்டர் ஒரு சறுக்கு வண்டியை இழுக்க வேண்டும். வண்டி நகர நகர, அதன் மேலுள்ள பாரப்பெட்டி முன்னோக்கி நகர்ந்து தரையை அழுத்தும். சுமை கூடிக்கொண்டே போகும். யார் அதிக தூரம் இழுக்கிறாரோ அவரே வெற்றியாளர். வீட்டுத் தோட்ட ட்ரக்டர்களுக்கும் இதில் தனிப் பிரிவுகள் உண்டு. தங்கள் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றிக் களமிறக்குபவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் எளிது. டீசல் எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் முழு இழுவை தரும். மின்மோட்டார் அசையாமல் நிற்கும் நிலையிலேயே முழுத் திருகுவிசையையும் தரும். சேற்றில் புதைந்த பெட்டியைக் கிளப்ப இதைவிட நல்ல குணம் வேறில்லை.

அதே குணம் ஆபத்தும் கூட. விசை திடீரென்று பாய்ந்தால் நான்கு சக்கர ட்ரக்டரின் முன்பக்கம் தூக்கும். போட்டிக்காரர்கள் இதற்காகவே முன்னால் இரும்புப் பாரங்களைத் தொங்கவிடுகிறார்கள். ஏற்றத்தில் பாரம் ஏற்கனவே பின்னால் சாய்ந்திருக்கும். அங்கே இப்படித் தூக்கினால் வண்டி சாரதியின் மேலேயே கவிழும். ஆகவே மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவியில் விசை படிப்படியாக ஏறும்படி அமைப்பது முதல் வேலை.

எதைக் கழற்றுவது, எதைப் பூட்டுவது

இரு சக்கர ட்ரக்டர்தான் மாற்றுவதற்கு இலகு. அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பெல்ட் மூலம் கியர் பெட்டியைச் சுழற்றுகிறது. எஞ்சினைக் கழற்றி, அதே இடத்தில் மோட்டாரைப் பூட்டி, அதே பெல்ட்டை மாட்டலாம். கியர் பெட்டியையும் கிளச்சையும் விட்டுவைக்க வேண்டும். மோட்டாரின் சுழற்சி வேகம் பழைய எஞ்சினைவிட அதிகமாக இருந்தால், புலியின் அளவை மாற்றிச் சரிசெய்யலாம்.

எஞ்சின் வெறும் சக்தி மூலம் மட்டுமல்ல, அது ஒரு பாரமும் கூட. அதைக் கழற்றியதும் வண்டியின் சமநிலை மாறும். பற்றரிப் பெட்டியை எஞ்சின் இருந்த இடத்தை ஒட்டியே, தாழ்வாக வைப்பது நல்லது. பற்றரியில் லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை, மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும். 72 வோல்ட் மின்சாரம் உயிருக்கு ஆபத்தானது. தடித்த வயர், ஃபியூஸ், கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தம் ஆகிய மூன்றும் கட்டாயம். வடகீழ் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும் ஊரில் நீர் புகாத பெட்டியும் வேண்டும்.

எவ்வளவு தூரம் போகும்?

நான் போட்ட கணக்கு இது. பெட்டியும் கொழுந்தும் சேர்த்து 1,000 கிலோ, வண்டியும் சாரதியும் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 மீற்றர் தூரத்துக்கு 1 மீற்றர் உயரும் கரடுமுரடான பாதையில், மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் ஏறக்குறைய 5 கிலோவோட் தேவை. வேகத்தைப் பாதியாக்கினால் தேவையும் பாதியாகும். கியர், பெல்ட், மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் ஒரு கிலோமீற்றர் ஏற்றத்துக்கு மின்பட்டியலில் வரும் அலகில் முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 72 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றரியில் 7.2 அலகு இருக்கும். ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தினால் சுமார் 8 கிலோமீற்றர் ஏறலாம். மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்குப் போய்வரும் வேலைக்கு இது போதும். பசறையிலிருந்து பதுளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போக இது போதாது.

இந்தியாவின் சோனாலிகா நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 'டைகர் எலெக்ட்ரிக்' ட்ரக்டரின் பற்றரிக் கொள்ளளவு 25.5 அலகு. துர்காபூரிலுள்ள அரச ஆய்வு நிலையம் 2023இல் 'பிரைமா ஈடி11' என்ற மின்சாரச் சிறு ட்ரக்டரை வெளியிட்டது. இவை தொழிற்சாலையில் அளந்து கட்டப்பட்ட வண்டிகள். கராஜில் மாற்றும் வண்டியிடம் அதே உழைப்பை எதிர்பார்க்கக் கூடாது.

இறக்கம்

போட்டிக் களத்தில் இறக்கமே இல்லை. எங்களுக்கோ நமுனுகுல மலைச்சரிவுகளில் பாதி வழி இறக்கம்தான். அதுவும் பல இடங்களில் சுமையோடு இறங்க வேண்டும். டீசல் வண்டியைச் சிறு கியரில் போட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். எஞ்சினைக் கழற்றும்போது அந்தப் பிடியும் போய்விடுகிறது.

மின்மோட்டாரை மின் உற்பத்தி செய்ய வைத்தால் அதுவும் வண்டியைப் பிடிக்கும், அந்த மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும். மேலே சொன்ன சுமையும் வேகமும் என்றால், இறக்கத்தில் இப்படிச் சக்கரத்தில் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய இரண்டரை கிலோவோட், இழப்புகள் போக பற்றரிக்குத் திரும்புவது அதைவிடக் குறைவு. ஆனால் முழுதாக சார்ஜ் ஏறிய பற்றரியால் அதை வாங்க முடியாது. பற்றரிப் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிட்டால், இறக்கத்தின் நடுவில் பிடி சட்டென்று விடும். இதைச் சொல்லாத செய்முறைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனவே காலைப் பயணம் இறக்கத்தில் தொடங்கும் இடங்களில் பற்றரியை 80 வீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள். பெட்டியின் அச்சில் வேலை செய்யும் தனி பிரேக் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். இரு சக்கர ட்ரக்டரில் இறக்கத்தின்போது பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதைப் பழகிய சாரதிகள் அறிவார்கள். மோட்டாரின் பிடி விட்டுவிட்டு வந்தால் அந்தப் பழக்கமும் குழம்பும். இவை தீரும்வரை பெட்டியில் ஆட்களை ஏற்றவே கூடாது. தோட்டங்களில் தொழிலாளர்கள் ட்ரக்டர் பெட்டியில் போவது இன்றும் நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கே சார்ஜ் செய்வது?

லயன் வீட்டில் வேண்டாம். மின்னொழுக்கால் லயன்கள் தீப்பற்றிய செய்திகள் மலையகத்தில் ஓய்ந்தபாடில்லை. பழைய வயரிங்கில் மணிக்கணக்காக 2 கிலோவோட் இழுப்பது, ஒரே கூரையின் கீழிருக்கும் பத்துக் குடும்பங்களின் வீட்டைப் பணயம் வைப்பதாகும். தேயிலைத் தொழிற்சாலையில், அல்லது தனி மீற்றரும் மண்ணிணைப்பும் கொண்ட பொதுக் கொட்டகையில் சார்ஜ் செய்வதே சரி.

வீதியில் ஓடும் வண்டியென்றால், மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. பெட்ரோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டத்துக்கு ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் துணைநின்றது. கொழுந்து சுமக்கும் சிறு ட்ரக்டர்களுக்கும் அப்படியொரு திட்டமும் மலைப்பாதைக்கேற்ற பிரேக் தரமும் வேண்டும்.

2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயா நீர்மின் திட்டம் 120 மெகாவோட் திறன் கொண்டது. அந்த நீர் ஊவாவினுடையது. அதில் பிறக்கும் மின்சாரத்தில் ஒரு தோட்டத்து ட்ரக்டர் ஓடுவதற்கு எந்தப் பெரிய தொழில்நுட்பமும் தடையாக இல்லை. பாதுகாப்பான ஒரு சார்ஜ் கொட்டகையும் பெட்டிக்கு ஒரு நல்ல பிரேக்கும்தான் முதலில் வர வேண்டும்.