கெனில்வொர்த் தோட்டமும் ஒரு கடிதத்தின் சாட்சியமும்

அழிந்த கட்டடத்தை அதன் அடித்தளத்திலிருந்து ஓரளவு ஊகித்துவிடலாம். அழிந்த தோட்டம் அப்படியல்ல. செடி மட்கிவிடும், பாத்தியை அடுத்த தலைமுறையே உழுது மாற்றிவிடும். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டைத் தோட்டத்தை, அழிந்து மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் எழுப்பியது சரிதானா என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது. சரியே என்பது என் முடிவு. அதற்கு அடிப்படை, தோண்டியபோது கிடைத்த சான்று.

1575 ஜூலையில் முதலாம் எலிசபெத் அரசி இந்தக் கோட்டைக்கு வந்து 19 நாள் தங்கினார். கோட்டைக்கு உரியவரான லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி, அரசிக்காக அமைத்த தோட்டம் இது. அரசி வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் ஏட்ரியன் என்ற தோட்டக்காரர் கதவைத் திறந்துவிட, உள்ளே போய்ப் பார்த்ததாக ராபர்ட் லாங்ஹம் என்ற அரசவைப் பணியாளர் பெயரில் ஒரு கடிதம் உள்ளது. உயரமான உலாமேடை, அதன்மீது கல்லில் செதுக்கிய வெண்கரடிகள், நான்காகப் பிரித்த பாத்திகள், மணிக்கற்கள் பதித்ததுபோல் வண்ணம் தீட்டிய பறவைக்கூடம், நடுவே எண்கோணத் தொட்டியில் வெண்பளிங்கு நீரூற்று என்று எல்லாவற்றையும் அளவோடு அது விவரிக்கிறது. ஆனால் லாங்ஹமைக் கேலி செய்ய வில்லியம் பேட்டன் என்பவர் எழுதியதே இக்கடிதம் என்று ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். எள்ளி நகையாட எழுதியதில் வரும் அளவுகளை நம்பி யாராவது கல் அடுக்குவார்களா?

இந்த இடத்தில் அகழாய்வு பேசியது. இங்கிலிஷ் ஹெரிடேஜ் நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வில், தோட்டத்தின் நடுவே நீரூற்றின் அடித்தளம் வெளிப்பட்டது. எட்டுப் பக்கம் கொண்ட அமைப்பு. இத்தாலியின் கராரா வெண்பளிங்குச் சில்லுகளும் கிடைத்தன. கடிதத்தை எழுதியவர் யாராக இருந்தாலும், என்ன நோக்கத்தில் எழுதியிருந்தாலும், நீரூற்றைப் பற்றி அவர் சொன்னது மெய். கேலிக்காகவே எழுதியிருந்தாலும், தோட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இப்படி எழுதியிருக்க முடியாது. இந்த ஆய்வுக்கு முன், 1970களில் இதே இடத்தில் அமைத்த தோட்டம் வில்லியம் டக்டேல் 1656-இல் வெளியிட்ட வரைபடத்தைப் பின்பற்றியது. அரசி வந்து போய் எண்பது ஆண்டுக்குப் பின், 1649-இல் தொடங்கிய இடிப்பும் முடிந்த பிறகு அச்சான வரைபடம் அது. அதற்கு மாறாக, ஏட்டுச் சான்றை மண்ணில் உரசிப் பார்த்த பிறகு எழுப்பியதுதான் 2009-இல் திறக்கப்பட்ட இன்றைய தோட்டம்.

மறுப்பும் வலுவானதே. நீரூற்று ஒன்று மெய்யானதால் கடிதம் முழுவதும் மெய்யாகிவிடுமா? ஆகாது. பாத்திகளின் உருவத்தையும் அவற்றில் நின்ற செடிகளையும் மண் காட்டித் தரவில்லை. அக்கால வடிவமைப்பு நூல்களையும், அன்று இங்கிலாந்தில் வளர்ந்த பூஞ்செடிகளின் பட்டியலையும் கொண்டே அவை நிரப்பப்பட்டன. பறவைக்கூடத்துக்கு ஆதாரம் கடிதம் மட்டுமே. இப்படி இருக்க, இடிபாட்டை இடிபாடாகவே விட்டிருக்கலாமே என்பது தொல்லியலாளர் பலரின் எண்ணம். கோட்டைச் சுவர் என்றால் நானும் அதையே சொல்வேன். தோட்டத்தின் நிலை வேறு. அதற்கு இடிபாடு என்று எதுவும் மிஞ்சாது. விட்டால் வெறும் புல்தரைதான். ஓங்கிய அந்தச் சுவர்களுக்கு அடியில், அரசியல் நோக்கத்தோடு ஒரு பிரபு இத்தனை செலவில் ஒரு தோட்டம் போட்டார் என்பதைப் புல்தரை யாருக்கும் உணர்த்தாது. மேலும், பாத்தியைப் பிறகு மாற்றலாம், பறவைக்கூடத்தைப் பிரித்துவிடலாம். தோண்டிப் பதிவு செய்த சான்று அதனால் கெடாது.

ஆனால் மண் உறுதி செய்த நீரூற்றும், நூல்களைப் பார்த்து வரைந்த பாத்தியும் ஒரே உறுதியுடையவை அல்ல. எந்தத் தோட்டத்தை மீட்டாலும் இந்த வேறுபாட்டைப் பார்வையாளருக்கு அங்கேயே, அந்தந்தப் பகுதியின் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும்.