வீட்டில் கட்டிய விமானமும் அது தந்த பாடமும்

விமானம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது கட்டுநாயக்கவும் பெரிய பெரிய கம்பனிகளும்தான். ஆனால் சாதாரண மனிதர்கள் தம் வீட்டிலேயே மரத்தையும் துணியையும் வைத்து விமானம் கட்டிப் பறந்த வரலாறு ஒன்றும் உண்டு. அதில் துயரமான பக்கமும் இருக்கிறது. பிள்ளைகளை வளர்க்கும் நாம் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி மின்யே ஒரு வானொலிப் பொறியியலாளர். கையையும் காலையும் ஒன்றாக இயக்கி விமானம் ஓட்டுவது அவருக்குக் கைவரவில்லை. அதனால் ஒரு கையால் மட்டுமே ஓட்டக்கூடிய சின்னஞ்சிறு விமானமொன்றைத் தானே வடிவமைத்தார். 1933 செப்டெம்பரில் அது பறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'வானத்துப் பேன்'. இறக்கையின் அகலம் சுமார் 6 மீற்றர். மோட்டார் சைக்கிள் அளவிலான இயந்திரம்.

1934 இல் அளவுகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த வருடமே ஆங்கிலத்திலும் வந்தது. 1935 ஓகஸ்டில் அவரே அந்த விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவ்வளவுதான், பிரான்ஸிலும் பிரித்தானியாவிலும் கராஜ்களிலும் கொட்டில்களிலும் விமானங்கள் உருவாகத் தொடங்கின. பணக்காரரின் விளையாட்டு உழைப்பாளியின் கைக்கு வந்தது.

பின்னர் விபத்துகள் தொடங்கின. விமானம் மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும். ஓட்டுபவர் தடியை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் நிமிராது. உயிர்கள் போயின.

1936 இல் இரு நாடுகளிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். காரணம் தெரிந்தது. முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருக்கமாக இருந்தன. தடியை இழுத்ததும் முன் இறக்கையின் பின்விளிம்பு கீழிறங்கும். இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியால் காற்று வேகமாகப் பாய்ந்து பின் இறக்கையை மேலே தூக்கும். மூக்கு இன்னும் கீழேதான் போகும். ஆகவே, எவ்வளவு கவனமாகக் கட்டியவருக்கும் இந்த ஆபத்து இருந்தது. குறை வரைபடத்திலேயே இருந்தது!

மின்யே கைவிடவில்லை. வடிவத்தைத் திருத்தினார். அவரது வழிவந்த விமானங்களை இன்றும் கட்டுவோர் உள்ளனர். 1953 இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் போல் பொபெரெஸ்னி வீட்டு விமானக்காரர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அங்குள்ள சட்டப்படி விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவரே தன் கையால் செய்யவேண்டும். பறக்க முன் அதிகாரிகளின் பரிசோதனை உண்டு. அதன்பிறகும் முதல் சில மணித்தியாலங்கள் குறித்த எல்லைக்குள் சோதனைப் பறப்பு மட்டுமே.

இதில் எமக்கு என்ன இருக்கிறது?

விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பிள்ளை எதையாவது செய்யத் தொடங்கினால், "உனக்கேன் இந்த வேலை, படி" என்கிறோம். அல்லது கடையில் வாங்கிக் கொடுத்துப் பரிசெடுக்க வைக்கிறோம். இரண்டுமே பிழை. பிள்ளை தன் கையால் செய்யட்டும். செய்ததை இன்னொருவர் சோதிக்கட்டும். குறை கண்டால் திட்டாமல் திருத்தவிடுவோம். புத்தகத்தில் இருக்கிறதே, சேர் சொன்னாரே என்று எதையும் அப்படியே ஏற்காமல் ஏன் என்று கேட்கவும் பழக்குவோம். அந்தக் கேள்வி எம்மிடம் வந்தாலும் கோபப்படாதிருப்போம்.