சி.சு. செல்லப்பாவிடம் எழுதக் கற்றுக்கொள்வது

"நாவல் எழுதணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." கம்பம் பள்ளத்தாக்கில் புத்தகம் வாசிக்கிற இளவட்டங்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பேர் வாங்கிய நாவலாசிரியர்களின் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஸ்டீபன் கிங்கின் 'ஆன் ரைட்டிங்' (2000) இருக்கு, தமிழில் ஜெயமோகனின் 'எழுதும் கலை' இருக்கு. ரெண்டும் படிக்க வேண்டியவைதான். ஆனா இதே மண்ணில் பிறந்த ஒருத்தர் விட்டுப்போன பாடத்தையும் பார்க்கலாம்னு தோணுது.

சி.சு. செல்லப்பாவின் அந்த முதல் 'சி', சின்னமனூர். 1912-ல் பிறந்தார். வளர்ந்தது தாய்மாமன் வீட்டில், வத்தலகுண்டில். இன்னைக்கு ஒண்ணு தேனி மாவட்டம், இன்னொண்ணு திண்டுக்கல் மாவட்டம். 1985 வரைக்கும் ரெண்டுமே மதுரை மாவட்டம்தான்.

வத்தலகுண்டு லேசுப்பட்ட ஊர் இல்லை. தமிழின் ஆரம்பகால நாவல்களில் முக்கியமான 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் அந்த ஊர்க்காரர். அந்த நாவல் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. 1898-ல், 26 வயசிலேயே ஐயர் இறந்துட்டார். அதே ஊரில் 1905-ல் பிறந்தவர் பி.எஸ். ராமையா. 1930களில் 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தியவர். செல்லப்பாவும் 'மணிக்கொடி'யில் எழுதி வளர்ந்தவர்தான்.

இந்த ரெண்டு முன்னோடிகளையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ராமையாவிடம் நேரில் பேசலாம், கதையைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கலாம். ராஜம் ஐயரோ, செல்லப்பா பிறக்கிறதுக்கு 14 வருஷம் முன்னாடியே போயாச்சு. அவரிடம் எதையாவது கத்துக்கணும்னா அவர் எழுதின புத்தகத்தைத் திறக்கிறதைத் தவிர வேற வழி இல்லை.

செல்லப்பா கடைசியில் எல்லாரிடமும் அந்த வழியைத்தான் பிடிச்சார், கூடவே வாழ்ந்த ராமையா உட்பட. 'ராமையாவின் சிறுகதைப் பாணி'ன்னு ஒரு தனிப் புத்தகமே எழுதினார். 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' (1974) புத்தகத்திலும் இதே வேலைதான்: முன்னோடிகளின் கதைகளை எடுத்து, அது எப்படிக் கட்டப்பட்டிருக்குன்னு பிரிச்சுப் பார்க்கிறது. இதுக்கு 'அலசல் முறை விமர்சனம்'னு பேரே வந்துடுச்சு. நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு தீர்ப்புச் சொல்லிட்டு நகர்றது இதில் கிடையாது. எங்க தொழிலில் ஒரு மென்பொருளின் கையேட்டைப் படிக்கிறதுக்கும், அதன் மூலநிரலைத் திறந்து வரிவரியா வாசிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கலாம். கையேட்டில் எழுதினவர் சொல்ல நினைச்சது இருக்கும். அவர் உண்மையில் செஞ்சது நிரலில்தான் இருக்கும்.

அவர் முறையை அவருடைய நாவலிலேயே போட்டுப் பார்ப்போம். 'வாடிவாசல்' 1959-ல் வந்தது. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படிச்சுடலாம். கதை நடக்கிறது ஒரு ஜல்லிக்கட்டு மைதானத்தில், ஒரே மத்தியானத்தில். பிச்சியின் அப்பா அம்புலி, ஜமீன்தாரின் காரிக்காளை குத்திச் செத்தவர். அந்தக் காளையைப் பிடிக்கத்தான் பிச்சி மச்சான் மருதனோட வந்திருக்கான். சாதாரணமா நாம எழுதினா என்ன செய்வோம்? முதல் அத்தியாயத்தில் அப்பா சாவு, அடுத்ததில் மகனின் சபதம், அப்புறம்தான் மைதானம். செல்லப்பா நேரா வாடிவாசல் முன்னாடி கொண்டுபோய் நிறுத்திடறார். அம்புலி யாரு, என்ன ஆனான்னு அங்கே நிற்கிற கிழவனின் பேச்சுவாக்கில் தெரிய வருது. பழைய கதை சொல்றதுக்காக ஆட்டம் நிற்கவே இல்லை. அடுத்த காளை வந்துக்கிட்டே இருக்கு.

இப்படி எழுத ஒரு முன்நிபந்தனை உண்டு: விஷயம் முழுசாத் தெரிஞ்சிருக்கணும். காளை எப்படித் திரும்பும், பிடிக்கிறவன் கை எங்கே போகும்னு தெரியாம அந்த மத்தியானத்தை எழுத முடியாது. செல்லப்பா ஜல்லிக்கட்டைத் தானே புகைப்படமும் எடுத்திருக்கார். சின்னமனூர் பக்கத்து அய்யம்பட்டியிலோ பல்லவராயன்பட்டியிலோ வருஷா வருஷம் ஜல்லிக்கட்டு பார்க்கிறவங்க அந்தப் பக்கங்களைப் படிச்சா, எழுதினவர் எவ்வளவு உத்துப் பார்த்திருக்கார்னு புரியும்.

இவரை 'ஜெயிச்ச நாவலாசிரியர்'னு சொல்லலாமான்னு சிலர் கேட்கலாம். வாழ்ந்த காலத்தில் பணம் வரலை. 1959-ல் தொடங்கி 1970 வரை 'எழுத்து' பத்திரிகையைக் கைக்காசு போட்டு நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துக்கிட்டு கல்லூரி கல்லூரியா அலைஞ்சு வித்தார். 'சுதந்திர தாகம்' நாவலையும் 1997-ல் தானே வெளியிட்டார். 1998-ல் இறந்தார். அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-ல். 'வாடிவாசல்' இன்னைக்கும் பதிப்பு மேல் பதிப்பா விற்குது. கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போச்சு, 2023-ல் கிராஃபிக் நாவலாவும் வந்தாச்சு. வெற்றியை எந்தத் தேதியில் அளக்கிறோம்கிறதைப் பொறுத்த பதில் இது.

எழுத நினைக்கிற நம்மூர்ப் பசங்களுக்கு ஒரு பயிற்சி சொல்றேன். 'வாடிவாசல்' ஒரு பிரதி வாங்குங்க. ஒரு நோட்டில் மூணு கட்டம் போடுங்க: இந்தப் பக்கத்தில் என்ன நடக்குது, வாசகனுக்குப் புதுசா என்ன தெரிய வருது, அதை யார் வாயால் தெரிய வருது. கடைசிப் பக்கம் வரை நிரப்புங்க. அப்புறம் உங்களுக்குக் கரதலப்பாடமாத் தெரிஞ்ச ஒரு வேலையை எடுத்துக்குங்க. ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலை ஜீப் ஏறிப் போறதோ, திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுறதோ, முல்லைப் பெரியாற்றுத் தண்ணிக்கு மடை திறக்கிறதோ, எதுவா இருந்தாலும் சரி. அதில் ஒரே ஒரு மத்தியானத்தை எழுதிப் பாருங்க. அந்த வேலையைச் செய்றவங்க ஒருத்தரிடம் படிச்சுக் காட்டுங்க. அவங்க எந்த இடத்தில் "இப்படி நடக்காதே தம்பி"ன்னு சொல்றாங்களோ, அங்கிருந்து திருத்த ஆரம்பிக்கலாம்.