மதுரைச் சுங்குடி (புவிசார் குறியீடு)

மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தார் வளர்த்த முடிச்சுச் சாயப் பருத்திச் சேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் முக்குவார்கள்; முடிச்சை அவிழ்த்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். வீட்டிலிருந்தபடி முடிச்சுப் போடுவோர் பெரும்பாலும் பெண்கள்.

1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குறியீட்டைச் சங்கம் போன்ற அமைப்பே தன் பெயரில் பதியும். அதைப் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம், அடகு வைக்க முடியாது. அந்தப் பயனர் பட்டியலில் பெயர் ஏறாத பெண்ணுக்கு மிஞ்சுவது கூலிதான். ஆகவே பெண்கள் தம் பெயரிலேயே பதிவது மிக அவசியம். புள்ளியை அச்சில் போட்டு மலிவாக விற்கும் சேலைகள் அந்தக் கூலியையும் அரிக்கின்றன.