மிகையோட்டம்: ஒரு சிறு பொத்தானின் வரலாறு

பழைய அமெரிக்க, ஜப்பானியத் தானியங்கிக் கார்களை ஓட்டியவர்கள் கியர்க்கோலின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தானைக் கண்டிருப்பர். அதை அழுத்தினால் முகப்பில் 'ஓ/டி ஆஃப்' என்றொரு விளக்கு ஒளிரும். ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று சொல்வதற்காக எரிகிற விளக்கு அது! இந்த முரணே பலரைக் குழப்பிவிடும். போதாக்குறைக்கு 'ஓவர்டிரைவ்' என்னும் பெயர் வேறு. மிகையோட்டம் என்றால் மிகையான வலிமை என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அது காரின் சிக்கன கியர். ஒருவகையில், ஓய்வு கியர்.

வரலாற்றுக்குள் புகுமுன் பெயரின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். முதல் கியரில் எஞ்சின் இரண்டு மூன்று முறை சுழன்றால்தான் கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுழலும். வேகம் குறைவு, விசை மிகுதி. நேர் கியரில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். ஓவர்டிரைவிலோ வெளித்தண்டு எஞ்சினை முந்திக்கொண்டு சுழல்கிறது. 'ஓவர்' என்பது இந்த முந்துதலைத்தான் குறிக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடாக விசையை இழக்கிறோம். சமதரையில் சீரான வேகத்தில் செல்லும் காருக்கு எஞ்சினின் முழுத்திறனில் ஒரு சிறு பங்கே தேவை என்பதால், அந்த இழப்பு அங்கே பொருட்டன்று.

இக்கருத்து தானியங்கிக் கார்களுக்கு முந்தியது. 1934இல் வெளிவந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரில், போர்க்-வார்னர் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் இணைக்கப்பட்டது. கையால் கியர் மாற்றும் பெட்டிக்குப் பின்னால் பொருத்தப்பட்ட ஒரு தனி உறுப்பு அது. அதன் அமைப்பு அழகானது. நடுவே ஒரு 'சூரிய'ச் சக்கரம். அதைச் சுற்றிவரும் 'கோள்' சக்கரங்கள். வெளியே ஒரு வளையச் சக்கரம். சூரியனை அசையாமல் பிடித்து நிறுத்திக் கோள்களைச் சுற்றவிட்டால், வெளிவளையம் அவற்றினும் விரைவாகச் சுழலும். குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தபின் ஓட்டுநர் முடுக்கியிலிருந்து காலைச் சற்றே எடுத்தால், ஓவர்டிரைவ் தானே இணைந்துகொள்ளும். வேண்டாதபோது அதை விலக்கிவைக்க ஒரு கைப்பிடியும் இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்னும் முடிவு தொடக்கத்திலிருந்தே மனிதனிடம் விடப்பட்டது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்த ஓவர்டிரைவை லேகாக் நிறுவனம் தயாரித்தது. 1948 முதல் ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார்களிலும், பின்னர் டிரையம்ப், ஜாகுவார், வால்வோ போன்றவற்றிலும் அது இடம்பெற்றது.

இதற்கிடையே இன்னொரு புதுமை தோன்றியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர்ப்பெட்டி இதுவே. நான்கு கியர்கள் கொண்ட அதிலும் நான்காவது நேர் கியர்தான், ஓவர்டிரைவ் அன்று. போருக்குப் பின் அமெரிக்கா தானியங்கிக் கார்களை விரும்பி ஏற்றது. பெட்ரோல் மலிவு, எஞ்சின்கள் பெரியவை, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக நாடெங்கும் விரிந்த நெடுஞ்சாலைகள் வேறு. சிக்கனத்துக்கென ஒரு கியரை யார் கேட்பார்? மூன்று கியர்த் தானியங்கியே வழக்கமாயிற்று. ஓவர்டிரைவ் ஏறத்தாழ மறக்கப்பட்டது.

1973 அக்டோபரில் அந்த நிம்மதி குலைந்தது. அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால், சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்தன. பதிவெண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துச் சில மாநிலங்களில் நாள்விட்டு நாள் பெட்ரோல் வழங்கினார்கள். 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பு சட்டமானது. 1975 டிசம்பரில் வந்த எரிசக்திச் சட்டம், ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு எத்தனை மைல் ஓட வேண்டும் என்று வரையறுத்தது: 1978இல் 18, 1985இல் 27.5. தவறினால் அபராதம்.

மறக்கப்பட்ட கியருக்கு இப்படித்தான் மறுவாழ்வு கிடைத்தது. 1977இல் டொயோட்டா, ஓவர்டிரைவை உள்ளடக்கிய நான்கு கியர்த் தானியங்கியைக் கொண்டுவந்தது. 1980ஆம் ஆண்டுக் கார்களில் ஃபோர்டும், அடுத்த இரண்டாண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸும் தொடர்ந்தன. ஃபோர்டின் ஓவர்டிரைவ் விகிதம் 0.67. அதாவது, நேர் கியரில் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல வேண்டிய எஞ்சினுக்கு அதே வேகத்தில் சுமார் 2,000 சுழற்சி போதும். பெட்ரோல் மிச்சம், இரைச்சல் குறைவு, தேய்மானமும் குறைவு.

அப்படியானால் அதை நிறுத்த ஒரு பொத்தான் ஏன்?

அக்காலத் தானியங்கிகள் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கின. அவற்றுக்குத் தெரிந்தவை இரண்டே: கார் செல்லும் வேகம், முடுக்கி அழுத்தப்பட்ட அளவு. எதிரே மலை இருப்பதோ, பின்னால் பாரவண்டி இழுபடுவதோ அவற்றுக்குத் தெரியாது. ஏற்றத்தில் ஓவர்டிரைவுக்கு வலிமை போதாமல் கார் மூன்றாம் கியருக்கு இறங்கும். சற்றே வேகம் கூடியதும் மீண்டும் நான்குக்குத் தாவும். உடனே தளர்ந்து மறுபடியும் இறங்கும். இந்த ஊசலாட்டத்தால் கியர்ப்பெட்டியின் எண்ணெய் சூடேறும். உராய்வுத் தட்டுகள் தேயும். பொத்தானை அழுத்தி ஓவர்டிரைவை நிறுத்தினால், கார் மூன்றாம் கியரில் நிலைத்து அமைதியாக ஏறும்.

இறக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். எண்ணெய்த் தடை வந்த அதே 1973இல், மார்ச் மாதம், கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் கூடுதலான உயரத்தில் ராக்கி மலையைத் துளைத்துச் செல்லும் பாதை அது. அதன் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் ஊரை அடைவதற்குள் சாலை சுமார் 700 மீட்டர் கீழிறங்குகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு பங்கைக் காற்றும் தரையும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியதை பிரேக்கோ எஞ்சினோ தாங்கியாக வேண்டும். ஓவர்டிரைவில் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் அதன் தடுப்பு மிகக் குறைவு. பாரம் முழுதும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து அழுத்தப்பட்ட பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிடிப்பிழந்த பாரவண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே அச்சாலையோரத்தில் மேட்டுத்தடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இறக்கம் தொடங்குமுன்பே ஓவர்டிரைவை நிறுத்துவதும், தேவையெனில் இன்னும் தாழ்ந்த கியருக்கு வருவதும் உயிர் காக்கும் பழக்கங்கள்.

எனவே விதி எளியது. சமதரையில், நகரத்திலாயினும் நெடுஞ்சாலையிலாயினும், ஓவர்டிரைவை இயங்கவிடலாம். குறைந்த வேகத்தில் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். நீண்ட ஏற்றம், செங்குத்தான இறக்கம், பாரம் இழுத்தல், கியர்களுக்கிடையே ஊசலாட்டம் ஆகிய நான்கிலும் நிறுத்த வேண்டும். சமதரைக்கு வந்தபின் மறவாமல் மீண்டும் இயக்க வேண்டும். மறந்தால் கார் கெடாது, ஆனால் 0.67 விகிதமுள்ள காரில் எஞ்சின் தேவையின்றி ஒன்றரை மடங்கு சுழன்றுகொண்டிருக்கும்.

55 மைல் வரம்பு 1995இல் நீக்கப்பட்டது, ஓவர்டிரைவோ நிலைத்துவிட்டது. 2017 முதல் வந்த பத்து கியர்ப் பெட்டிகள் சிலவற்றில் மூன்று கியர்கள் ஓவர்டிரைவே. சாலையின் சரிவைக் கணினி உணர்ந்துகொள்வதால் பழைய பொத்தான் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் பெரும்பாலான கார்களில் சரிவில் சக்கரம் பதிந்த பிறகே கணினி அதை உணர்கிறது. வளைவுக்கு அப்பால் இறக்கம் காத்திருப்பதை எச்சரிக்கைப் பலகை கண்டு முன்கூட்டியே அறிபவர் ஓட்டுநர். அந்தச் சிறு பொத்தான் அவருடைய முன்னறிவுக்கு இயந்திரத்தில் விடப்பட்டிருந்த இடம். பொத்தான் போனாலும், தாழ்ந்த கியரைத் தேர்ந்துகொள்ளும் வழி ஏதேனும் ஒரு வடிவில் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அடுத்த மலைப்பயணத்துக்கு முன் உங்கள் காரில் அது எங்கே இருக்கிறதென்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.